சுட்டதும் சிக்கிக்கொண்ட புது ரிவால்வர்... தோல் வாரால் கட்டிய வீரர்கள்! யார் இந்த சாமுவேல் கோல்ட்?

அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. 1847-ன் கடைசி மாதங்களில் அமெரிக்கக் குதிரைப்படை வீரர்களின் கைக்கு ஒரு புது ஆயுதம் வந்து சேர்ந்தது. ஒரு தடவை குண்டு போட்டால் ஆறு முறை சுடலாம். எடை கிட்டத்தட்ட 2 கிலோ. அன்றைக்கு உலகத்திலேயே சக்தி வாய்ந்த கைத்துப்பாக்கி அதுதான்.

ஆனா, ஒரு சிக்கல். சுட்ட வேகத்தில் துப்பாக்கி உதறும்போது, குழலுக்குக் கீழே இருந்த லிவர் தானாகவே கழன்று தொங்கிவிடும். அந்த லிவரோடு சேர்ந்த கம்பி நேராக சிலிண்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான். சிலிண்டர் சுற்றாது, அடுத்த குண்டு மேலே வராது. எதிரே ஆள் நிற்கும்போது கையில் இருப்பது வெறும் இரும்புக் கட்டி.

வீரர்கள் என்ன செய்தார்கள்? பச்சைத் தோல் வாரை எடுத்து, லிவரையும் குழலையும் சேர்த்துக் கட்டி வைத்தார்கள். துப்பாக்கி புதுசுதான், வைத்தியம் நாட்டு வைத்தியம்.

அந்தத் துப்பாக்கியைச் செய்தவர் சாமுவேல் கோல்ட். இந்தச் சிக்கலை அவர் எப்படித் தீர்த்தார்? கல்கத்தாவுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு? தளி, ஓசூர் பக்கம் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர்களுக்கு இவர் கதையில் என்ன இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

கல்கத்தா போன கப்பலில் பிறந்த யோசனை

சாமுவேல் கோல்ட் 1814 ஜூலை 19-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்ட் நகரில் பிறந்தார். அப்பா கிறிஸ்டோபர் கோல்ட் வியாபாரி. சின்ன வயதிலேயே அம்மா காசநோயில் இறந்துபோனார். அப்பாவின் தொழிலும் நொடித்தது. 11 வயதில் கோல்ட் ஒரு பண்ணையில் வேலைக்கு விடப்பட்டார்.

பள்ளிப் படிப்பைவிட வெடிமருந்தும் மின்சாரமும்தான் அவரை இழுத்தன. 15 வயதில், அப்பா வேலை பார்த்த துணி ஆலை இருந்த வேர் என்ற ஊரில், குளத்து நடுவில் மிதவையை வெடிக்க வைத்துக் காட்டுகிறேன் என்று ஊரைக் கூட்டினார். வெடித்தது உண்மைதான். ஆனால் சேறும் தண்ணீரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மேல் கொட்டியது. அடிக்க வந்த கூட்டத்திடமிருந்து அவரைக் காப்பாற்றியது எலிஷா ரூட் என்ற இளம் மெக்கானிக் என்று சொல்வார்கள். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

அடுத்து ஆம்ஹர்ஸ்ட் பள்ளியிலும் வெடி விளையாட்டு, அதில் தீ விபத்து. இனி இவனுக்குப் படிப்பு ஒத்துவராது என்று முடிவு செய்த அப்பா, மகனைக் கப்பலில் ஏற்றிவிட்டார். 1830 ஆகஸ்டில் பாஸ்டனில் இருந்து கிளம்பிய அந்தக் கப்பலின் பெயர் கார்வோ. அது போன இடம் கல்கத்தா.

அந்தப் பயணத்தில்தான் கோல்ட் ஒன்றைக் கவனித்தார். கப்பலில் சக்கரத்தைச் சுற்றினால், அது ஒவ்வொரு படியாக நகர்ந்து, ஒவ்வொரு இடத்திலும் பல்லில் பூட்டிக்கொள்ளும். இதே மாதிரி துப்பாக்கியிலும் குண்டு அறைகளை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பூட்ட முடியுமே என்று தோன்றியது. கப்பலிலேயே மரத்தில் ஒரு மாதிரி செதுக்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 16.

சுழலும் துப்பாக்கியை உலகத்தில் முதலில் யோசித்தவர் கோல்ட் இல்லை. பாஸ்டனைச் சேர்ந்த எலிஷா காலியர் 1818-லேயே அப்படி ஒன்றுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அதில் சிலிண்டரைக் கையால் திருப்ப வேண்டியிருந்தது. கோல்ட் சேர்த்தது, குதிரையை இழுத்தாலே சிலிண்டர் தானாகச் சுற்றிப் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு.

அதற்கு முன் நிலைமை என்ன?

1791-ல் ஓசூர், ராயக்கோட்டை கோட்டைகளை திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயப் படை பிடித்தது. அன்று சாதாரண சிப்பாய் கையில் இருந்தது ஒரு முறை மட்டும் சுடும் துப்பாக்கி. சுட்டு முடித்ததும் மறுபடி மருந்து கொட்டி, குண்டு போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். நல்ல பயிற்சி உள்ளவருக்கே நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவது பெரிய விஷயம். 40 வருடம் கழித்து கோல்ட் மரத்தில் செதுக்கியபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

சிங்கிள் ஆக்‌ஷன் என்றால் என்ன?

கோல்ட் செய்த ரிவால்வரை சிங்கிள் ஆக்‌ஷன் என்பார்கள். விசைக்கு ஒரே வேலைதான். ஏற்கெனவே இழுத்து வைத்த குதிரையை விடுவிப்பது.

மற்றதெல்லாம் கட்டை விரலின் வேலை. விரலால் குதிரையைப் பின்னால் இழுக்கும்போது, உள்ளே ஒரு சின்ன நெம்புத் துண்டு மேலே எழும். அது சிலிண்டரின் முதுகில் உள்ள பல்லைத் தள்ளும். சிலிண்டர் ஒரு அறை நகரும். உடனே கீழிருந்து ஒரு தாழ்ப்பாள் எழுந்து, சிலிண்டரில் வெட்டிய பள்ளத்தில் உட்காரும். அப்போதுதான் குண்டு அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்கும். விசையை அழுத்தினால் குதிரை விழுந்து கேப்பை அடிக்கும். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் கேப் துப்பாக்கியின் அதே தத்துவம்தான்.

இதில் ஒரு துண்டு மயிரிழை பிசகினாலும் மொத்தமும் நின்றுபோகும். அதனால்தான் இந்த வகைத் துப்பாக்கிகளில் பாகம் சிக்கிக்கொள்வது பழைய பிரச்சினை. பழையதில் மட்டும் இல்லை, புதுசிலும் வரும்.

கோல்ட் துப்பாக்கியில் குழலையும் உடலையும் சேர்த்துப் பிடிப்பது ஒரு சிறிய இரும்பு ஆப்பு. அதைக் கொஞ்சம் அதிகமாக அடித்து இறக்கிவிட்டால், குழல் பின்னால் வந்து சிலிண்டரை அழுத்தும். சிலிண்டர் சுற்றாது. பார்ப்பவருக்கு சிலிண்டர்தான் கெட்டுப்போன மாதிரி தெரியும். உண்மையில் பிடித்து வைத்திருப்பது ஆப்பு. இது தவிர, சுட்ட கேப்பின் துணுக்கு குதிரைக்கு அடியில் விழுந்தாலும் நின்றுவிடும். கரிமருந்தின் கசடு நடு அச்சில் படிந்தாலும் நின்றுவிடும்.

தோற்றுப்போன முதல் தொழிற்சாலை

கல்கத்தாவில் இருந்து திரும்பிய கோல்ட், அப்பாவின் பணத்தில் இரண்டு துப்பாக்கிகள் செய்ய வைத்தார். ஒன்று சுடும்போதே வெடித்துச் சிதறியது. நல்ல கொல்லரை வைத்துச் செய்யப் பணம் வேண்டும். அதற்கு அவர் பிடித்த வழிதான் வேடிக்கை.

தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்டு, ஊர் ஊராக சிரிப்பு வாயுக் காட்சி நடத்தினார். விளம்பரத்தில் நியூயார்க், லண்டனோடு கல்கத்தாவின் பெயரையும் சேர்த்துக்கொண்டார். மாலுமிப் பையனாகப் பார்த்த ஊர், மேடையில் டாக்டர் பட்டத்துக்கு உதவியது. அந்த வசூலில் பால்டிமோரில் ஜான் பியர்சன் என்ற துப்பாக்கிக் கொல்லரிடம் மாதிரிகள் செய்ய வைத்தார்.

1835-ல் இங்கிலாந்திலும், 1836 பிப்ரவரி 25-ல் அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரில் கம்பெனி தொடங்கினார். அப்போது அவருக்கு 21 வயது.

கம்பெனி ஓடியதா? இல்லை. 1837-ல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார நெருக்கடி. அதோடு துப்பாக்கியிலேயே குறை இருந்தது. புளோரிடாவில் செமினோல் பழங்குடிகளுடன் நடந்த போருக்கு 1838-ல் 50 சுழல் ரைஃபிள்களைக் கொண்டுபோய் விற்றார். அதில் குதிரை வெளியே தெரியாது, எல்லாம் உள்ளே மறைந்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் சிப்பாய்களே அவற்றைக் கழற்றிப் போட்டார்கள். ஸ்குரூ தலைகள் தேய்ந்தன, பாகங்கள் உடைந்தன. மறுபடி மாட்டியபோது பல துப்பாக்கிகள் வேலை செய்யவில்லை.

கோல்ட் சிப்பாய்களைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. குதிரையை வெளியே தெரிகிற மாதிரி மாற்றினார். ஆனாலும் கம்பெனியைக் காப்பாற்ற முடியவில்லை. 1842-ல் பேட்டர்சன் தொழிற்சாலை மூடப்பட்டது.

அதே ஆண்டு இன்னொரு அடி. கடன் தகராறில் ஒருவரைக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை பெற்றிருந்த அண்ணன் ஜான் கோல்ட், தண்டனை நாளன்று சிறையிலேயே இறந்துபோனார். தொழிலும் போச்சு, அண்ணனும் போயாச்சு. கோல்ட் அடுத்த சில வருடங்களைக் கடலுக்கு அடியில் வெடிக்கும் கண்ணிவெடி, தண்ணீர் புகாத தந்திக் கம்பி என்று ஓட்டினார்.

கடிதம் போட்ட குதிரைப்படை அதிகாரி

பேட்டர்சன் துப்பாக்கிகளில் கொஞ்சம் டெக்சாஸுக்குப் போயிருந்தது. அங்கே 1844-ல் ஜான் ஹேஸ் தலைமையில் சுமார் 15 ரேஞ்சர்கள், தங்களைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் இருந்த கமான்சி பழங்குடி வீரர்களை இந்த ரிவால்வர்களோடு எதிர்த்து வென்றார்கள். ஒரு முறை சுட்டதும் வெள்ளைக்காரன் கை காலி என்பதுதான் அதுவரை கமான்சிகளுக்கு இருந்த கணக்கு. அந்தக் கணக்கு அன்றோடு உடைந்தது. அவர்கள் நிலம் பறிபோன கதையில் இந்தத் துப்பாக்கிக்கும் பங்கு உண்டு.

அந்த மோதலில் இருந்தவர் சாமுவேல் வாக்கர். 1846-ல் மெக்சிகோ போர் தொடங்கியதும் அவர் கோல்ட்டைத் தொடர்புகொண்டார். ஐந்து குண்டு போதாது, ஆறு வேண்டும். குண்டு பெரிதாக இருக்க வேண்டும். குதிரை மேல் இருந்தபடியே மருந்து போட வேண்டும். இதுதான் அவர் கேட்டது.

அரசு 1,000 துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. ஆனா கோல்ட் கையில் தொழிற்சாலையே இல்லை. தன்னுடைய பழைய துப்பாக்கி ஒன்றுகூட மாதிரிக்கு அவரிடம் இருக்கவில்லை என்றும் சொல்வார்கள். எலி விட்னி ஜூனியரின் ஆலையில் செய்ய வைத்தார். அதுதான் கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த, 1847-ன் வாக்கர் மாடல்.

சிக்கிய பாகத்தை எப்படி விடுவித்தார்?

வாக்கர் மாடலில் இரண்டு பெரிய குறைகள். ஒன்று, மருந்து அதிகம். அன்றைய இரும்பு அதைத் தாங்கவில்லை. சுமார் 300 துப்பாக்கிகள் சிலிண்டர் வெடித்துப் பழுதுக்குத் திரும்பி வந்தன. இன்னொன்று, அந்த லிவர்.

லிவரைப் பிடித்திருந்தது ஒரு சின்ன ஸ்பிரிங் மட்டும். அந்த உதறலுக்கு அது போதவில்லை. போர்க்களத்தில் தோல் வார் கட்டினால் அன்றைய பொழுது ஓடும். ஆனால் அடுத்த 1,000 துப்பாக்கியிலும் அதே குறை வரும்.

1848-ல் டிராகூன் என்ற அடுத்த மாடல் வந்தது. குழலின் நுனியில் லிவரைக் கவ்விப் பிடிக்கும் ஒரு தாழ்ப்பாளை கோல்ட் வைத்தார். சுடும்போது எவ்வளவு உதறினாலும் லிவர் விழாது. மருந்து போட வேண்டும் என்றால் மட்டும் விரலால் விடுவிக்கலாம். சிலிண்டரைச் சின்னதாக்கி, மருந்தின் அளவைக் குறைத்தார். 9 அங்குலக் குழல் ஏழரை அங்குலமானது. நடு அச்சில் கிரீஸ் தங்குவதற்கு வரிப்பள்ளம் வெட்டுவதும் கோல்ட் துப்பாக்கிகளில் வழக்கமானது. கரிமருந்தின் கசடு படிந்தாலும் சிலிண்டர் சட்டென்று பிடித்துக்கொள்ளாது.

முழுத் துப்பாக்கியையும் அவர் தூக்கிப் போடவில்லை. சிலிண்டர் சுற்றவில்லை என்றால் சிலிண்டரை இழுத்துப் பலன் இல்லை, அதைப் பிடித்து வைத்திருப்பது எது என்று பார்க்க வேண்டும். லிவர் விழுகிறது என்றால் லிவரில் குறை இல்லை, அதைத் தாங்கும் பிடியில்தான் குறை. எந்த மெக்கானிக்கும் ஒப்புக்கொள்ளும் பாடம் இது.

ஆனால் யோசனை கொடுத்த வாக்கர் இந்த மாற்றத்தைப் பார்க்கவில்லை. புது ரிவால்வர்கள் ஒரு ஜோடி கைக்கு வந்த சில நாட்களிலேயே, 1847 அக்டோபர் 9-ல் மெக்சிகோவின் வாமாந்த்லா ஊரில் நடந்த சண்டையில் அவர் கொல்லப்பட்டார்.

ஓசூருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

வாக்கர் ஆர்டரில் கிடைத்த பணத்தை வைத்து கோல்ட் சொந்த ஊரான ஹார்ட்ஃபோர்டில் தொழிற்சாலை போட்டார். 1849-ல் அதை நிர்வகிக்க ஒருவரை அழைத்துவந்தார். யார் தெரியுமா? வேர் ஊரில் கூட்டத்திடமிருந்து காப்பாற்றியதாகச் சொல்லப்படும் அதே எலிஷா ரூட்.

பழைய முறையில் ஒரு துப்பாக்கியை ஒரு கொல்லர் முதலில் இருந்து கடைசி வரை அரத்தால் ராவிச் செய்வார். ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்தாது. ரூட் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மெஷின் வைத்தார். ஒரே அளவு, ஒரே கேஜ். ஒரு பாகம் உடைந்தால் அதே மாதிரி இன்னொன்றை எடுத்துப் போடலாம். முழுவதும் அப்படி நடந்துவிடவில்லை, கடைசிப் பொருத்தத்துக்குக் கை அரம் தேவைப்பட்டது. ஆனாலும் அன்றைய உலகத்துக்கு அதுவே பெரிய ஆச்சரியம்.

அந்த ஆலையில் வேலை கற்ற பிரான்சிஸ் பிராட், அமோஸ் விட்னி இருவரும் 1860-ல் பிராட் அண்ட் விட்னி என்ற மெஷின் டூல் கம்பெனியைத் தொடங்கினார்கள். துப்பாக்கிக்காகப் பிறந்த மெஷின்களும் அளவு முறைகளும் தையல் மெஷின், சைக்கிள், கார் என்று பரவின.

இன்று தளியில் இருந்தும் தேன்கனிக்கோட்டையில் இருந்தும் ஓசூர் சிப்காட்டுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் செய்வதும் அந்த முறையின் தொடர்ச்சிதான். டிவிஎஸ் பைக், அசோக் லேலண்ட் லாரி, டைட்டன் வாட்ச் எதுவானாலும், ஒரு பட்டறையில் கடைந்த பாகம் இன்னொரு ஆலையில் வந்து சரியாக உட்கார வேண்டும். பிசிறு ஒன்று நின்றாலும் புது வண்டியிலேயே பாகம் இறுகும். டர்னருக்கும் ஃபிட்டருக்கும் இது தெரிந்த கதை.

லண்டன் வரை போன புகழ்... வாங்கிய அடி

1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் கோல்ட் தன் துப்பாக்கிகளை அடுக்கி வைத்தார். அந்த ஆண்டு வந்த நேவி மாடல் 2 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. 1853-ல் லண்டன் பிம்லிகோவிலும் ஆலை திறந்தார். ஆனால் சில ஆண்டுகளிலேயே மூட வேண்டி வந்தது.

காரணம், போட்டிக்கு வந்த ஆடம்ஸ் ரிவால்வர். அதில் குதிரையை இழுக்க வேண்டாம், விசையை அழுத்தினாலே போதும். 1857-ல் இந்தியாவில் சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்தபோது, ஆங்கிலேய அதிகாரிகளிடம் கோல்ட், ஆடம்ஸ் இரண்டும் இருந்தன. கல்கத்தா போகும் வழியில் மரத்தில் செதுக்கிய யோசனை, 27 வருடம் கழித்து இந்தியர்களுக்கு எதிராகவே நீட்டப்பட்டது.

கோல்ட்டின் வியாபாரத்தில் பக்கம் என்று ஒன்று இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் வரப்போகிறது என்று தெரிந்தும், அடிமை முறையைக் காக்க நின்ற தென் மாநிலங்களுக்கும் விற்றுக்கொண்டிருந்தார். வட மாநிலப் பத்திரிகைகள் அவரைத் துரோகி என்று தாக்கின.

47 வயதில் முடிந்த வாழ்க்கை

1856-ல் எலிசபெத் ஜார்விஸை மணந்தார். பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவை சின்ன வயதிலேயே இறந்தன. மூட்டுவாத நோய் கோல்ட்டையும் முடக்கியது. 1862 ஜனவரி 10-ல் ஹார்ட்ஃபோர்டில் இறந்தபோது அவருக்கு வயது 47. அமெரிக்காவின் பெரும் பணக்காரர்களில் ஒருவராக இருந்தார்.

1864-ல் தொழிற்சாலை எரிந்தது. மூடிவிட்டுப் போயிருக்கலாம். எலிசபெத் மறுபடி கட்டினார். 1901 வரை கம்பெனி அவர் குடும்பத்தின் கையில் இருந்தது.

ஜெய்சங்கர் கௌபாய் படங்களில் இருந்து 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' வரை, இடுப்பில் தொங்கும் அந்த ரிவால்வர் என்றாலே நினைவுக்கு வருவது 1873-ன் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி மாடல். கோல்ட் பெயர் உலகத்துக்கே தெரிந்தது அதனால்தான். ஆனால் அது வந்தபோது கோல்ட் இறந்து 11 வருடம் ஆகியிருந்தது. வடிவமைத்தது அவர் கம்பெனியில் இருந்த வில்லியம் மேசனும் சார்லஸ் ரிச்சர்ட்ஸும். கோல்ட் திருகாணி வைத்த திறந்த உடலுக்குப் பதிலாக அல்ல, ஆப்பு வைத்த திறந்த உடலுக்குப் பதிலாக, சிலிண்டருக்கு மேலேயும் இரும்புப் பட்டை ஓடும் கெட்டியான உடல் அதில் வந்தது. குழலும் உடலும் சேரும் இடத்தில் சிக்கல் கொடுத்த ஆப்புக்கு அங்கே வேலை இல்லாமல் போனது.

இன்று சட்டம் என்ன சொல்கிறது?

தளி, அஞ்செட்டி மலை கிராமங்கள் பக்கம் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபடும் செய்தி அவ்வப்போது வருகிறது. வாய் வழியாக மருந்து போட்டுச் சுடும் அந்தத் துப்பாக்கிகள், கோல்ட் பிறப்பதற்கு முந்தைய காலத்து முறை. பட்டறையில் குழாயை வைத்துச் செய்யும்போது எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று யாரும் சோதிப்பதில்லை. பெரிய ஆலையில் செய்த வாக்கர் மாடலே நூற்றுக்கணக்கில் வெடித்தது என்றால், இது எவ்வளவு ஆபத்து என்று புரிந்துகொள்ளலாம்.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்க மட்டும் இல்லை, அதைச் செய்யவும் பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர் கையில் இருக்கும் துப்பாக்கியில் பாகம் சிக்கிக்கொண்டாலும், தானே தட்டிக் கழற்றுவதோ தெரிந்த பட்டறையில் கொடுப்பதோ கூடாது. உரிமம் பெற்ற ஆயுதக் கடையிடம்தான் கொண்டுபோக வேண்டும். உள்ளே குண்டு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நிலையில் சிக்கிய துப்பாக்கியை இழுப்பதும் நெம்புவதும் உயிரோடு விளையாடுவது.

புளோரிடாவில் ஆசையாகக் கழற்றிப் பார்த்த சிப்பாய்களுக்கு நஷ்டம் சில ஸ்குரூவோடு போனது. எல்லாருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது.